ஸ்டியரிங் எண்ணெய்க் கசிவு: அறிவதும் பழுதுபார்ப்பதும்

தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர், நாடா ஓடும் ஓசையில் சிறு மாறுதல் தோன்றினாலும் கையை நிறுத்திக் காரணம் என்னவென்று பார்க்கிறார். கிணற்றடியில் நிற்கும் விவசாயி, பம்புசெட்டின் சப்தத்தைக் கொண்டே தண்ணீர் ஏறுகிறதா, காற்று இழுக்கிறதா என்று கூறிவிடுகிறார். தம் தொழிற்கருவியின் நோயை அறிவதில் நம்மவர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் வண்டி என்று வந்துவிட்டால் மட்டும், கையைக் கட்டிக்கொண்டு, பட்டறையில் சொல்வதற்கெல்லாம் தலையசைக்கிறவர்களாகி விடுகிறோம். வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டினால் அதன் பொருள் என்ன, அதனால் நேரக்கூடிய தீங்கு எது, அதைத் தீர்க்க உண்மையில் எவ்வளவு வேலை தேவை என்பன தெரியாமையால் வீண் நஷ்டமும், சில வேளைகளில் ஆபத்தும் விளைகின்றன.

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரங்களில் இன்று வண்டி வைத்திருப்பது ஆடம்பரமன்று. சேலைக் கட்டுகளுடன் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகவேண்டியிருக்கிறது. எலுமிச்சை விலை பேச, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைச்சாலை வழியாகக் கேரளத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வாங்குவது பிறர் பல ஆண்டுகள் ஓட்டிவிட்ட வண்டியையே. அத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் ஒரு நோயே பவர் ஸ்டியரிங் கசிவு. அதனைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கு முறையாகக் கூறுவோம்.

சாதனமும் அதன் வரலாறும்

வண்டியின் ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பும்போது, அதன் தண்டின் கீழ் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் சுழல்கிறது. இதற்குப் பினியன் என்று பெயர். இது, குறுக்கே கிடக்கும் நீண்ட பல்சட்டம் ஒன்றை இடமும் வலமும் நகர்த்துகிறது. இச்சட்டத்தையே பட்டறைக்காரர்கள் ராக் என்கிறார்கள். அதன் இரு முனைகளிலும் டை ராடு எனப்படும் கம்பிகள் இணைந்து முன் சக்கரங்களைத் திருப்புகின்றன. தறியின் பலகையில் நாடா இங்குமங்கும் ஓடுவதைப் போன்றதே இச்சட்டத்தின் ஓட்டமும்.

இவ்வேலை முழுவதையும் கைவலியால் செய்வது கடினம் என்பதால், எண்ணெயின் அழுத்தத்தைத் துணையாகக் கொள்ளும் முறை தோன்றியது. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926 இல் தம் வண்டியில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1951 இல் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் நெடுங்காலம் கைவலியால் திருப்பும் ஸ்டியரிங்கே வழக்கில் இருந்தது. பின்னர் இண்டிகா, ஸ்கார்ப்பியோ, இன்னோவா போன்ற வண்டிகள் வந்த காலத்தில் எண்ணெய் அழுத்த ஸ்டியரிங் ஊர்தோறும் பரவிற்று. நம் தமிழ்நாட்டில் விராலிமலையிலேயே ரானே குழுமத்தின் கூட்டுத் தொழிற்சாலை இத்தகைய சாதனங்களைச் செய்துவந்திருக்கிறது.

1988 இல் ஜப்பானின் சுசூகி கம்பெனி, எண்ணெய் இன்றி மின்மோட்டாரின் உதவியால் திருப்பும் ஸ்டியரிங்கைத் தன் செர்வோ காரில் பொருத்தியது. இன்றைய புதிய சிறு கார்கள் பெரும்பாலும் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஸ்டியரிங் எண்ணெயே கிடையாது; ஆகவே கசிவும் கிடையாது. உங்கள் வண்டி எவ்வகை என்று முதலில் பாருங்கள். எஞ்சின் மூடியைத் திறந்தால், ஸ்டியரிங் சக்கரப் படம் பொறித்த மூடியுடன் ஒரு சிறு எண்ணெய்க் குடுவை தென்படுமாயின் அது எண்ணெய் வகை. மின்சார வகை வண்டியில் ஸ்டியரிங் எண்ணெய் கசிகிறது என்று எவரேனும் சொன்னால், அங்கு பணம் கொடுக்குமுன் இருமுறை யோசிப்பது நலம்.

எண்ணெய் செல்லும் வழி

குடுவையிலிருந்து எண்ணெய் பம்புக்கு வருகிறது. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் அப்பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி, தடித்த ஹோஸ் வழியாக ராக்கின் மேலுள்ள வால்வுக்கு அனுப்புகிறது. நாம் சக்கரத்தைத் திருப்பும்போது, வால்வினுள் உள்ள மெல்லிய முறுக்குக் கம்பி சற்றே முறுகி, எண்ணெய்க்கு இடப்பக்க வழியையோ வலப்பக்க வழியையோ திறந்துவிடுகிறது. பல்சட்டத்தின் மேல் பிஸ்டன் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் ஒரு பக்கம் அழுத்தமான எண்ணெய் பாயும்போது, சட்டம் மறுபக்கம் தள்ளப்படுகிறது. வேலை முடிந்த எண்ணெய் மற்றொரு ஹோஸ் வழியாகக் குடுவைக்குத் திரும்புகிறது.

சக்கரத்தை முற்றிலும் ஒரு பக்கம் ஒடித்துப் பிடிக்கும்போது அழுத்தம் உச்சத்தை அடைகிறது. பல கார்களில் அது சதுர சென்டிமீட்டருக்கு 70 முதல் 100 கிலோகிராம் வரை இருக்கும். இவ்வளவு அழுத்தத்தையும் அடக்கி நிற்பவை சில ரப்பர் வளையங்களே. இவைதான் ஆயில் சீல்கள். பம்புசெட்டின் கிளாண்டில் கயிறு தேய்ந்தால் தண்ணீர் பீறிடுவதைக் கண்ட விவசாயிக்கு, சீல் தேய்ந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அலட்சியம் ஏன் கூடாது

குடுவையில் எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை இழுக்கிறது. முதலில் முனகல் போன்ற ஓசை கேட்கும். பிறகு ஸ்டியரிங் விட்டுவிட்டுக் கனக்கும். எண்ணெய் தீர்ந்த பின்னும் ஓட்டினால் பம்பு உட்புறம் தேய்ந்து அழிந்துவிடும். இவ்வாறு சிறு சீலில் தொடங்கிய பழுது பம்பையும் கொண்டுபோகிறது. பல வண்டிகளில் அதே பெல்ட்டே மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுகிறது. பம்பு இறுகிப் பெல்ட் அறுந்தால் வண்டி வழியிலேயே நின்றுவிடும்.

ராக் வகைக் காரில் எண்ணெய் முழுவதும் போய்விட்டாலும் சக்கரத்துக்கும் டயருக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை, திருப்ப முடியும். ஆனால் மிகுந்த பலம் வேண்டும். சமவெளியில் இதைச் சமாளிக்கலாம். ஆரியங்காவுச் சாலையின் வளைவில், எதிரே பேருந்து வரும் வேளையில் திடீரென்று ஸ்டியரிங் கல்லாகிவிட்டால் சமாளிக்க எத்தனை பேரால் இயலும்? மேலும், பீறிடும் எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயின் மேல் பட்டால் தீப்பற்றவும் கூடும்.

எந்த எண்ணெய் சொட்டுகிறது

வண்டிக்கு அடியில் ஈரம் கண்டவுடன் அது ஸ்டியரிங் எண்ணெய் என்று தீர்மானிக்கக் கூடாது. இரவில் வண்டியின் முன்பாகத்துக்கு அடியில் வெள்ளைக் காகிதம் அல்லது அட்டை விரித்து வையுங்கள். காலையில் கறையின் இடத்தையும் நிறத்தையும் பாருங்கள்.

நிறமற்ற தூய நீர் ஏ.ஸி. சாதனத்திலிருந்து வருவது, அது நோயன்று. பச்சை அல்லது இளஞ்சிவப்பாக, நீர்த்து, இனிப்பு மணத்துடன் இருப்பது ரேடியேட்டர் நீர். அது விஷம், வாயில் வைக்கக் கூடாது. கரிய அல்லது பழுப்பு எண்ணெய் பெரும்பாலும் எஞ்சினுடையது. டயரின் உட்பக்கம் வழியும் மெல்லிய, வழுவழுப்பான திரவம் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்போது வண்டியை நகர்த்தவே கூடாது. செந்நிறமாகவோ, பழையதாயின் செம்பழுப்பாகவோ மெல்லிய எண்ணெய் இருந்து, குடுவையின் மட்டமும் குறைந்து வருமாயின், அது ஸ்டியரிங் எண்ணெய் என்று கொள்ளலாம். சில கம்பெனிகள் வேறு நிற எண்ணெயையும் இடுகின்றன. ஆகவே குடுவையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறை.

கசியும் இடத்தைக் காண்பது

எண்ணெய் சொட்டுமிடம் வேறு, கசியுமிடம் வேறு. மேலே கசிந்த எண்ணெய் குழாய் வழியே ஓடி, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில் சொட்டுகிறது. வண்டி ஓடும்போது காற்று அதனைப் பின்னுக்கும் தள்ளுகிறது. ஆகவே ஈரத்தின் மிக உயர்ந்த இடத்தைத் தேடவேண்டும்.

எஞ்சின் நன்கு குளிர்ந்த பின், பம்பு, ஹோஸ்கள், ராக் ஆகியவற்றைச் சோப்பு நீராலோ, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தாலோ கழுவித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு எஞ்சினை ஓட்டி, உதவிக்கு ஒருவரை அமர்த்தி, சக்கரத்தை இரு கோடிகளுக்கும் பலமுறை மெதுவாகத் திருப்பச் செய்யுங்கள். கோடியில் 5 வினாடிக்கு மேல் பிடிக்கலாகாது. விளக்கொளியில் புதிய ஈரம் எங்கு முதலில் தோன்றுகிறது என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்ப்பது பேராபத்து. ஊசித்துளை வழியே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளிக்காயம் சிறிதாக இருப்பினும் கையையே இழக்க நேரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே தக்கது.

பம்பின் பெல்ட் சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் சிதறியிருந்தால் பம்பின் தண்டுச் சீல் போயிருக்கிறது. ஹோஸின் ரப்பரும் இரும்பு மூட்டும் சேருமிடத்தில் ஈரமிருந்தால் ஹோஸை மாற்றவேண்டும். குழாய் வால்வில் பொருந்துமிடத்தில் ஈரமிருந்தால் அங்குள்ள ரப்பர் வளையமோ செப்பு வாஷரோ பழுதாகியிருக்கலாம். ஸ்டியரிங் தண்டு வால்வுக்குள் நுழையுமிடத்தில் ஈரமிருந்தால் மேற்சீல் தேய்ந்தது. சில வண்டிகளில் இவ்வெண்ணெய் ஓட்டுநரின் காலடிக்கே வந்துவிடும்.

ராக்கின் இரு முனைகளிலும் துருத்தி போன்ற ரப்பர் உறைகள் உள்ளன. இவற்றைப் பூட் என்பர். அதன் சிறு முனையின் கிளிப்பைத் தளர்த்தி, ஓரத்தை விலக்கிப் பாருங்கள். உள்ளே சிறிது கிரீஸ் இருப்பது இயல்பு. எண்ணெய் வடியுமாயின் ராக்கின் முனைச் சீல் போய்விட்டது என்பது உறுதி. சில வண்டிகளில் இரு உறைகளையும் காற்றுக்குழாய் ஒன்று இணைப்பதால், ஒரு பக்கச் சீல் பழுதானாலும் மறுபக்கத்திலும் எண்ணெய் காணப்படலாம்.

வெளியே கசிவில்லாத ஒரு நோயும் உண்டு. குடுவையில் எண்ணெய் குறையாது. ஆனால் காலையில் ஸ்டியரிங் கனத்து, சிறிது ஓடிச் சூடேறியதும் இலகுவாகும். வால்வின் வளையங்களோ பிஸ்டனின் சீலோ உள்ளுக்குள் தேய்ந்து எண்ணெய் வழிதவறுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

இவ்விடத்தில் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது தவறாகாது. எங்கள் வீட்டு வண்டியின் ராக்கில் எண்ணெய் வடிவதைக் கண்டு பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ராக் முழுவதையும் மாற்றவேண்டும் என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார்கள். கையில் அப்போது பணமில்லாமையால் வீட்டுக்குத் திரும்பி, மேலே கூறியபடி கழுவிப் பார்த்தோம். பூட் இரண்டினுள்ளும் எண்ணெய் இல்லை. ராக்குக்கு மேலே, அழுத்த ஹோஸின் மூட்டிலிருந்து எண்ணெய் வழிந்து ராக்கின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு செப்பு வாஷர்களும் புது எண்ணெயும் இட்டதில் நோய் தீர்ந்தது. பட்டறைக்காரர் ஏமாற்ற எண்ணினார் என்று நான் கூறவில்லை. ஈரமான இடத்தைப் பார்த்தார். ஈரம் வந்த இடத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவே.

சீல் கெடுவதற்குக் காரணங்கள்

வயது முதிர்ந்தால் ரப்பர் இறுகி வெடிப்பது இயற்கை. ஆனால் பல ராக்குகள் வயதுக்கு முன்பே கெடுவது பூட் கிழிவதால்தான். கிழிந்த உறை வழியாக மழைநீரும் கரிசல் சேறும் உட்புகுந்து, பளபளப்பான சட்டத்தைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருக்குழி ஏறிய சட்டம் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அரம்போல் சீலை அறுக்கிறது. சில நூறு ரூபாய் விலையுள்ள உறையைக் காலத்தில் மாற்றாத குற்றத்துக்கு முழு ராக்கையே தண்டமாகச் செலுத்துகிறோம். மாறாத பழைய எண்ணெயின் அழுக்கும், சக்கரத்தைக் கோடியில் பிடித்து வைக்கும் பழக்கமும், தவறான எண்ணெயும் பிற காரணங்கள்.

குறிப்பாக, குடுவையில் பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அது வேறு இனத் திரவமாகையால் ஸ்டியரிங் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஸ்டியரிங் எண்ணெய் பிரேக்கில் கலந்தாலும் அங்குள்ள ரப்பர்கள் அழியும்.

சீல் மாற்றுவதா, ராக்கை மாற்றுவதா

இதைத் தீர்மானிப்பது சட்டத்தின் நிலையே. பூட்டை விலக்கி, சக்கரத்தைக் கோடிக்குத் திருப்பி, வெளிவந்த சட்டத்தைத் துடைத்து நகத்தால் தடவுங்கள். நகம் தடையின்றி வழுக்கினால், சீல் தொகுதி மட்டும் மாற்றினால் போதும். குழிகளில் நகம் சிக்குமாயின் புதுச்சீலும் விரைவில் அறுந்துபோகும். அப்போது வேறு சட்டமோ, புதிய ராக்கோ, நம்பகமான இடத்தில் புதுப்பித்த ராக்கோ போடுவதே சிக்கனம்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று புட்டியில் விற்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். அது இறுகிய ரப்பரைச் சற்று மென்மையாக்கி ஊதச் செய்கிறது. சிறு கசிவு சில காலம் குறையலாம். கிழிந்த சீலையும் துருவேறிய சட்டத்தையும் அது குணப்படுத்தாது.

பழுதுபார்க்கும் முறை

ஹோஸ், கிளிப், வாஷர், பூட் ஆகியவற்றை வேலை தெரிந்தவர் வீட்டிலேயே மாற்றலாம். ராக்கைப் பிரித்துச் சீல் மாற்றுவதற்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் தேவை. அதைப் பட்டறையிடமே விடவேண்டும். எனினும் முறை தெரிந்திருந்தால் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கலாம்.

முன் சக்கரங்களை நேராக வைத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஜாக்கியால் உயர்த்தி உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றவேண்டும். ஸ்டியரிங் சக்கரம் சுழலாதபடி பூட்டவேண்டும். காற்றுப் பை உள்ள வண்டியில் அது தாராளமாகச் சுழன்றால் உள்ளிருக்கும் சுருள் கம்பி அறுந்துவிடும். தண்டும் பினியனும் சேருமிடத்தில் அடையாளக் கோடு இட்டுக்கொள்ள வேண்டும். டை ராடு முனைகளைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்தல் அவசியம். எண்ணெயை வடித்து, குழாய்களைக் கழற்றி, அவற்றின் வாயை உடனே அடைக்கவேண்டும். தூசி ஒரு துகளும் உள்ளே போகலாகாது. பிறகு ராக்கை இறக்கலாம்.

பிரித்தபின் சட்டம் வளைந்திருக்கிறதா, சிலிண்டரின் உட்சுவரில் கீறல் உண்டா என்று பார்க்கவேண்டும். கசிந்த ஒரு சீலை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம்; தொகுதியிலுள்ள எல்லாச் சீல்களையும் மாற்றுவதே முறை. புதுச்சீலில் ஸ்டியரிங் எண்ணெயைத் தடவி, சட்டத்தின் பற்கள் அதைக் கிழிக்காதபடி மெல்லிய உறையொன்றைப் பற்களின் மேல் சுற்றிச் செலுத்தவேண்டும். சட்டத்தைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் திருகைக் கம்பெனிப் புத்தகத்தில் கண்ட அளவுக்கே முடுக்கவேண்டும். அதிகம் முடுக்கினால் ஸ்டியரிங் இறுகி, திருப்பிய சக்கரம் தானாக நேராகாது, குறைத்தால் தடதடக்கும். கிழிந்த பூட்டையும் பழைய செப்பு வாஷர்களையும் மீண்டும் போடலாகாது.

எல்லாம் பொருத்தியபின், குறிப்பிட்ட வகைப் புது எண்ணெயை ஊற்றி, எஞ்சினை ஓட்டாமலேயே, முன் சக்கரங்கள் தரையில் படாத நிலையில், ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் 15 அல்லது 20 முறை மெதுவாகத் திருப்பவேண்டும். மட்டம் குறையக் குறைய எண்ணெய் சேர்க்கவேண்டும். குமிழிகள் நின்றபின் எஞ்சினை ஓட்டி மீண்டும் திருப்பிப் பார்க்கவேண்டும். எண்ணெய் நுரைத்தால் காற்று இன்னும் உள்ளது என்று பொருள். இறுதியில் சக்கரங்களின் நேரளவைச் சோதிக்காமல் வண்டியைச் சாலையில் விடக்கூடாது. விட்டால் புது டயர்கள் ஒருபக்கம் தேய்ந்துபோகும்.

டிராக்டர் வைத்திருப்போருக்கு

பவர் ஸ்டியரிங் உள்ள டிராக்டர்கள் பலவற்றில் பல்சட்டமும் இல்லை, ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பும் இல்லை. எண்ணெய் ஒன்றே சக்கரத்தைத் திருப்புகிறது. ஆகவே அங்கு ஹோஸ் வெடித்தால் ஸ்டியரிங் கனப்பதோடு நில்லாது, திருப்பவே இயலாமற்போகும். டிரெய்லர் பூட்டிச் சாலையில் ஓடும் டிராக்டரில் சிலிண்டர் முனையிலோ ஹோஸிலோ ஈரம் கண்டால், அன்றே பழுதுபார்த்தல் வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கசியுமிடத்தைக் கழுவிப் பார்த்தீர்களா? பூட்டினுள் எண்ணெய் உண்டா? சட்டத்தில் துருக்குழி உண்டா, காட்டுங்கள். எந்த வகை எண்ணெய் ஊற்றுவீர்கள்? கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? இவ்வைந்து கேள்விகளைப் பணிவாகக் கேட்டால், நேர்மையான பட்டறைக்காரர் மகிழ்வோடு பதில் சொல்வார். பதில் சொல்ல மறுக்குமிடத்தில் வண்டியை விடவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றுவது பெருந்தீங்கு. அதே நீரில்தான் நாற்றும் வளர்கிறது, நூலும் நனைகிறது. அதனைத் தகரத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்கும் அனுமதி பெற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்டாண்டுகள், குழாய் ஸ்பானர்கள் போன்ற கருவிகளை ஆளுக்கொன்றாக வாங்குவதற்குப் பதில், நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதும் கூட்டுறவின் பாற்பட்டதே.

மாதம் ஒருமுறை குடுவையின் மட்டத்தைப் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் இரண்டு பூட்டுகளையும் பாருங்கள். இன்றிரவே வண்டியின் அடியில் ஒரு தாளை விரித்து வைத்து, மலைச்சாலை ஏறும் நாள் வருமுன் அது சொல்லும் செய்தியைப் படித்துக்கொள்ளுங்கள்.